கோஷா வண்டியில் நீண்ட மூன்று கைகள்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். பிழைகளும் நிறைய இருக்கும். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்பது நாலாம் வகுப்போடு நின்ற எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நம் வாசகசாலையின் கையெழுத்துப் பத்திரிகைக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று கேட்டவர்கள், படி எடுக்கும்போது நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். எதிரில் நின்று பேச எனக்கு வராது என்பது உங்களுக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் நம் ஜட்கா ஸ்டாண்டில் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பேச்சு வந்தது. கோஷா என்றால் என்ன?

"கோஷான்னா வெக்கம்யா. வெக்கப்படுற பொம்பளைங்கள அப்படிச் சொல்றது."

"போடா. கோஷான்னா ஜெயிலு. திரை போட்ட ஜெயிலு."

"அப்போ நம்மாளுகூட கோஷாதான். வாயத் தொறந்து யாராவது பாத்திருக்கீங்களா?"

என்னைக் காட்டித்தான் சொன்னான். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். கோஷாவிலேயே வாழ்ந்த ஒரு அம்மாள், ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்து எனக்குச் சொன்னாள். அந்த அம்மாளை என் வீட்டில் திருடி என்று முப்பது வருஷத்துக்கு மேல் சொல்லிவந்தார்கள். அப்படி ஆனது என்னால்.

அது பிளேக் வந்த வருஷம். நமக்கெல்லாம் எட்டு, ஒன்பது வயது. பட்டாளம் இருந்த நம் தண்டு முழுக்கப் பினாயில் நெடியும் வேப்பிலைப் புகையும்தான். கூரை ஓடுகளைப் பிரித்து வெயில் விட்ட வீடுகளுக்குள் காக்கை இறங்கி நடக்கும். காலையில் இன்ஸ்பெக்டர், இரண்டு போலீஸ்காரர்கள், வாளி தூக்கும் ஆள் ஒருவன் என்று ஒரு கூட்டம் தெருவுக்குள் வரும். கையைத் தூக்கச் சொல்லி அக்குளைப் பார்ப்பார்கள், கழுத்தைத் தடவுவார்கள். காய்ச்சலும் கட்டியும் சேர்ந்து இருந்தால் ஊருக்கு வெளியே ஷெட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். வீட்டில் மிச்சம் இருப்பவர்களுக்கு இன்னொரு ஷெட். பாய், தலையணை, துணிமணி எல்லாம் தெருவில் எரியும். ஷெட்டுக்குப் போய்த் திரும்பி வந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். ஊர் எல்லையில் கேட் போட்டு, வெளியே போகிற வண்டிகளையும் சோதித்தார்கள்.

அந்த நாளில் யாரும் யாரையும் நம்பவில்லை. யாராவது இருமினால் எதிர்வீட்டு ஜன்னல் திறக்கும். யார் வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள் என்று இன்ஸ்பெக்டருக்கு யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த யாரோ யார் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கணக்கு இருந்தது. எங்கள் அம்மாவின் கணக்கில் அது பக்கத்து வீட்டு அத்தை.

எனக்கு வந்தது வெறும் பொன்னுக்கு வீங்கி. இரண்டு கன்னமும் தாடைக்குக் கீழே பன் ரொட்டி போல உப்பிவிட்டது. லேசான காய்ச்சல். வேறு வருஷமாக இருந்தால் தெருப் பிள்ளைகள் கேலி செய்திருப்பார்கள், அவ்வளவுதான். அம்மா தன் பொன் சங்கிலியை எடுத்து என் கழுத்தில் போட்டாள். பொன் பட்டால் வீக்கம் வடியும் என்பது நம் வீடுகளில் வழக்கம்தானே. மெல்லிய பழைய சங்கிலி அது. கொக்கி உடைந்துபோய், இரண்டு முனையையும் சிவப்பு நூலால் கட்டியிருந்தாள். போட்டுவிட்டு அரிசி மூட்டைக்குப் பின்னால் என்னைப் படுக்க வைத்து மேலே கோணி போர்த்தினாள்.

"இது அது இல்லன்னு சொன்னா கேப்பானா அவன்? கழுத்துல கட்டி, ஒடம்புல சூடு. தூக்கிட்டுப் போயிருவான்" என்றாள் அப்பாவிடம்.

அன்று காலைக் கூட்டம் எங்கள் தெருவின் பாதியோடு திரும்பிவிட்டது. மறுநாள் மீதிப் பாதி. அதற்குள் என்னை வெளியேற்றியாக வேண்டும். சாயங்காலம் பக்கத்து வீட்டு அத்தை வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"என்னா, பையன் ரெண்டு நாளா கண்ணுலயே படல?"

"அவங்க மாமன் வீட்டுக்குப் போயிருக்கான்."

"கேட்ல விட்டாங்களா? யாரு இட்டுனு போனது?"

"போற வழி தெரிஞ்சவங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திய அம்மா, கதவில் முதுகை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். "கேட்ட கேள்வியப் பாத்தீங்களா? நாளைக்குக் காலைல இவளே முன்னாடி நடந்து வந்து காட்டிக் குடுப்பா."

அப்பா ஒரு தோல் மண்டிக்காரர் வீட்டு வண்டியை ஓட்டிவந்தார். அவர்கள் வீட்டுப் பெண்கள் கோஷா, அந்நிய ஆண் கண்ணில் படமாட்டார்கள். அதற்காகவே பின்னாலும் முன்னாலும் பச்சைத் திரை போட்ட ஜட்கா. உள்ளே வைக்கோல் மேல் ஜமுக்காளம், எப்போதும் ஒரு அத்தர் வாசனை. ஆறு வருஷம் ஓட்டியும் அந்த வீட்டு பீபியம்மாவின் முகத்தை அப்பா பார்த்ததில்லை. திரைக்குப் பின்னால் ஒரு குரல், வளையல் போட்ட ஒரு கை, அவ்வளவுதான். அந்த வீட்டு ஆண்கள் வியாபாரமாக வாணியம்பாடிப் பக்கம் போயிருந்தார்கள். ரயிலில் சோதனை நடந்ததால் திரும்பி வரமுடியவில்லை. பெண்களை மட்டும் கேட்டுக்கு அந்தப் பக்கம், லிங்கராஜபுரத்தைத் தாண்டி இருந்த அவர்கள் தோட்டத்துக்கு மறுநாள் கொண்டுபோவதாக ஏற்பாடு. அந்தத் தோட்டத்தில்தான் என் மாமா தண்ணீர் இறைக்கிற வேலையில் இருந்தார்.

அப்பா போய்த் திரைக்கு முன்னால் நின்று கேட்டிருக்கிறார். பையனுக்குச் சாதாரண வீக்கம், பெண்பிள்ளை மாதிரி போர்த்தி உள்ளே உட்கார வைத்துக் கூட்டிப்போக முடியுமா என்று. பீபியம்மா உடனே சரி என்றுவிட்டாளாம்.

"கேட்ட ஒடனே சரின்னாங்களா?" என்றாள் அம்மா.

"ஆமா."

"என்னா வீக்கம், எங்க வீக்கம், ஒண்ணும் கேக்கலியா?"

"நல்ல மனசுடி அவங்களுக்கு."

"இருக்கும். இந்த நேரத்துல பெத்தவளே பிள்ளையத் தொட யோசிக்கிறா. கேக்காம சரின்னு சொல்றவள எனக்குப் பயமா இருக்கு."

வேறு வழி இல்லாததால் மறுநாள் காலை என்னைக் கிளப்பினார்கள். கையில் கண்ணாடி வளையல், தலையோடு காலாக ஒரு வெள்ளைத் துப்பட்டா. சங்கிலியை அம்மா கழற்றவில்லை. வீக்கம் வடிகிறவரை கழற்றக்கூடாதாம்.

வண்டிக்குள் இரண்டு பேர் இருந்தார்கள். பின்திரை ஓரமாகப் பீபியம்மா. எங்கள் வீட்டில் அந்த முகத்தை முதலில் பார்த்தது நான்தான். நாற்பது வயது இருக்கும். அம்மைத் தழும்பு நிறைந்த, தூங்காத முகம். முன்பக்க மூலையில் அவள் மருமகள், சிவப்புத் துப்பட்டாவுக்குள் சுருண்டு சாய்ந்திருந்தாள். நான் நடுவில். அந்தப் பெண்ணின் தோள் என் மேல் பட்டது. அடுப்படிச் சுவர் போலச் சுட்டது. அத்தர் வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை இருந்தது.

கேட்டுக்கு முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. நாங்கள் வெகுநேரம் நின்றோம். வெயில் ஏறித் திரை வழியாக எல்லாம் பச்சையாகத் தெரிந்தது. நான் திரையை விலக்கிப் பார்க்கப் போனேன். பீபியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நக்கோ பேட்டா. பாக்கக்கூடாது. நீ இப்போ கோஷா."

"கோஷான்னா என்னாங்க?"

"மூலை" என்றாள். "பார்சி பாஷையில மூலைக்கு கோஷான்னு பேரு. கோஷா-நஷீன்னா மூலையில உக்காந்தவ. முன்னே பக்கீருங்க, சாமியாருங்க உக்காருவாங்க, ஒலகம் வேணாம்னு. அவங்களுக்குச் சொன்ன பேரு அது. அப்புறம் எங்களுக்கு வந்திருச்சு."

"உங்களுக்கும் ஒலகம் வேணாமா?"

அவள் சிரித்தாள். மருமகளின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"யாரு கேட்டாங்க எங்கள? ஆனா ஒண்ணு. மூலையில உக்காந்திருக்கிறவள யாரும் வந்து எண்ணிப் பாக்கமாட்டாங்க. பேசாம உக்காரு."

பிற்காலத்தில் ஒரு மௌல்வியை வண்டியில் ஏற்றிப் போனபோது இதைக் கேட்டுப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். நஷீன் என்றால் உட்கார்ந்தவர். நாம் உட்கார்ந்தவளை விட்டுவிட்டு மூலையை மட்டும் வைத்துக்கொண்டோம்.

எங்கள் முறை வந்தது. கோஷாப் பெண்களைப் பார்ப்பதற்கென்று கேட்டில் ஒரு நர்ஸம்மாவை வைத்திருந்தார்கள். நம் தமிழ்க் கிறிஸ்தவப் பெண்தான். செருப்புச் சத்தம் வண்டியைச் சுற்றி வந்தது.

"உள்ள எத்தனை பேரு?"

"மூணு பேரு தாயி" என்றார் அப்பா. "பீபியம்மா, மருமக, சின்னப் பொண்ணு ஒண்ணு."

"திரையத் தூக்குங்க. பாக்கணும்."

"ஆம்பளைங்க நிக்கிறாங்க அம்மா" என்றாள் பீபியம்மா உள்ளிருந்து. குரல் கொஞ்சமும் அசையவில்லை. "போலீஸ்காரங்களப் போகச் சொல்லுங்க, தூக்குறேன்."

தூரத்திலிருந்து இன்ஸ்பெக்டர் எதற்கு இவ்வளவு நேரம் என்று கத்தினார். பின்னால் நின்ற வண்டிக்காரர்களும் கத்தினார்கள். நர்ஸம்மா ஒரு பெருமூச்சு விட்டாள்.

"சரி, கைய நீட்டுங்க. ஒவ்வொருத்தரா."

பீபியம்மா திரை இடுக்கில் வலது கையை நீட்டினாள். பொன் வளையல்கள் குலுங்கின. நர்ஸம்மா நாடி பார்த்தாள்.

"சரி. மருமக."

பீபியம்மா கையை உள்ளே இழுத்தாள். சத்தமில்லாமல் வளையல்களைக் கழற்றி என் மடியில் போட்டாள். மோதிரத்தையும் போட்டாள். மருமகள் மேலிருந்த சிவப்புத் துப்பட்டாவின் முனையை இழுத்து முழங்கை வரை சுற்றிக்கொண்டு, அதே கையை மறுபடியும் நீட்டினாள். நீட்டியபடியே என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்ன பெயர் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. கெஞ்சலும் இருந்தது, மிரட்டலும் இருந்தது. நான் கத்தினால் அந்த மூலையில் இருப்பவள் ஷெட்டுக்குப் போவாள். அவளோடு நானும் போவேன்.

"இதுவும் சூடு இல்ல. சின்னப் பொண்ணு?"

நான் கையை நீட்டினேன். நர்ஸம்மா அதை வெகுநேரம் பிடித்திருந்தாள். விரல்களைத் திருப்பினாள்.

"ஏன் கைய இப்படி இழுத்துக்குது?"

"பயந்த சுபாவம் தாயி" என்றார் அப்பா.

"நகத்துல எல்லாம் குதிரைச் சாணி. கோஷாப் பொண்ணுங்க லாயத்துல வேல செய்யுதா?"

முன்னால் அப்பா குதிரையை அதட்டும் சத்தம் கேட்டது. நர்ஸம்மா என் கையை ஒருமுறை அழுத்தி உள்ளே தள்ளிவிட்டு, "போகலாம்" என்றாள். அவள் எவ்வளவு தெரிந்துகொண்டு விட்டாள் என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன்.

கேட் தாண்டி மண்பாதையில் இறங்கிய பிறகு அந்தப் பெண் முனகத் தொடங்கினாள். பீபியம்மா அவள் கையைத் தூக்கி அக்குளில் ஈரத்துணி வைத்தாள். எலுமிச்சம்பழம் அளவு வீங்கியிருந்தது.

"இவங்களுக்கும் பொன்னுக்கு வீங்கியா?" என்று கேட்டேன்.

பீபியம்மா ஈரத்துணியைத் திருப்பி வைத்தாள். "ஆமா" என்றாள்.

என் சங்கிலியைக் கழற்றினேன். "இத போட்டா வத்திடும். எங்கம்மா சொன்னாங்க."

"நக்கோ பேட்டா. ஒன்னுது அது."

"எனக்கு வத்திருச்சு" என்று பொய் சொன்னேன். நான்தான் அந்தப் பெண்ணின் கழுத்தில் சுற்றிச் சிவப்பு நூலை முடிந்தேன். மருந்தே நூலில்தான் இருக்கிறது என்பது போல, அம்மா செய்கிற மாதிரியே இரண்டு முடிச்சுப் போட்டேன். அவள் கண்ணைத் திறந்தாள். பதினாறு வயதுகூட இருக்காது. "டண்டா" என்றாள். லாயத்தில் குதிரைக்காரர்கள் பேசிக் கேட்ட சொல்தான். குளிர்ச்சி என்று அர்த்தம். அவள் பேசி நான் கேட்டது அந்த ஒரு சொல்தான்.

தோட்டத்தில் என்னை இறக்கும்போது பீபியம்மா காதோடு சொன்னாள். "உங்க அப்பாவுக்கு இவ விஷயம் தெரியாது. தெரிய வேணாம். தெரிஞ்சா அவரையும் சேத்துப் பிடிப்பாங்க. சங்கிலி நான் குடுத்துடுறேன். வாக்கு."

மாமாவின் குடிசையில் இருந்தேன். நான்காம் நாள் தோட்டத்தின் கோடியில் புகை எழும்பியது. மெத்தை எரிகிற நாற்றம். அதில் ஒரு மூலையில் சிவப்பாக ஒரு துணி எரிந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். "பெரிய வீட்டு மருமகப் பொண்ணு தாய் வீட்டுக்குப் போயிட்டுதாம்" என்றார் மாமா. யார் கூட்டிப்போனார்கள், எந்த வண்டியில் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவர்கள் தோட்டத்துக்குள் புதிதாக மண் மேடு ஒன்று இருந்தது.

மழை நின்று, சோதனை குறைந்து, நான் வீட்டுக்குத் திரும்பியபோது அம்மா முதலில் பார்த்தது என் கழுத்தை.

"சங்கிலி எங்கடா?"

அப்பாவைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்ற பயம் எனக்கு. "வண்டியில இருந்துச்சு" என்றேன். அதற்கு மேல் அடித்தும் சொல்லவில்லை.

"நான் அன்னிக்கே சொன்னேனா இல்லியா?" என்று அம்மா அப்பாவின் பக்கம் திரும்பினாள். "கேக்காம சரின்னாளே, எதுக்குன்னு இப்போ தெரியுதா? பிள்ள கழுத்துல பொன்னு இருக்கும்னு அவளுக்குத் தெரியும்."

அப்பா அந்த வேலையை விட்டார். அவரும் நம்பிவிட்டாரா, அம்மாவின் வாய்க்குப் பயந்து விட்டாரா, தெரியாது.

தை பிறந்த பிறகு ஒருநாள் மதியம் பச்சைத் திரை போட்ட வண்டி எங்கள் வாசலில் வந்து நின்றது. வேறு ஒருவன் ஓட்டி வந்தான். திரை இடுக்கிலிருந்து ஒரு கை நீண்டது. வளையல் இல்லை. எனக்கு அந்தக் கையைத் தெரியும். கையில் ஒரு துணி முடிச்சு.

"உங்க பொருள்" என்றது குரல்.

அம்மா வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். "எடுத்தவங்களே கொண்டாந்து குடுக்கறது நல்ல பழக்கந்தான். எங்கியோ ஒருத்தருக்குத்தான் வரும்."

அந்தக் கை கொஞ்ச நேரம் வெளியிலேயே இருந்தது. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். ஓடிப்போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிளேக் போய்விட்டது, அப்பாவை யாரும் பிடிக்க மாட்டார்கள். ஆனாலும் போகவில்லை. கை உள்ளே போனது. வண்டி போய்விட்டது.

அம்மாவுக்குச் சந்தேகம் அதோடு தீரவில்லை. சிவப்பு நூல் கட்டியிருந்தது, ஆனால் சங்கிலி கனக்கிறது என்று ஆசாரியிடம் கொண்டுபோனாள். ஆசாரி உரைகல்லில் உரசிப் பார்த்தார்.

"இது உங்களது இல்லம்மா. உங்களது மாத்துக் கம்மி. இது ஒசத்தி. புதுசு."

"அப்போ இந்த நூலு?"

"அதுதான் எனக்கும் புரியல. கொக்கி நல்லாத்தான் இருக்கு. நூலுக்கு வேலையே இல்ல."

"பாத்தீங்களா" என்றாள் அம்மா. "என்னுத வித்துத் தின்னுட்டு, கேட்டா மாட்டிப்போம்னு வேற வாங்கி, அதுதான்னு நான் நம்பணும்னு நூலக் கட்டிக் குடுத்திருக்கா. எப்பேர்ப்பட்ட கைகாரி!"

அந்த நூலைப் பார்த்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. பழைய சங்கிலி அந்த மண்மேட்டுக்குள் இருந்தது, அல்லது மெத்தையோடு நெருப்பில் போயிருந்தது. அவள் நினைவில் வைத்து, தன் வளையலை அழித்தோ என்னவோ, புதிதாகச் செய்யச் சொல்லியிருக்கிறாள். பையன் கட்டிய நூலும் மருந்தில் சேர்த்தி என்று நினைத்து அதே நிறத்தில், அதே இரண்டு முடிச்சுப் போட்டுத் தந்திருக்கிறாள்.

அம்மா அந்தச் சங்கிலியை யார் கழுத்திலும் போடவிடவில்லை. துணியில் முடிந்து டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தாள். பக்கத்து வீட்டு அத்தையோடும் அம்மா கடைசிவரை பேசவில்லை. அத்தையோ சாகுமுன் என்னிடம் ஒன்று சொன்னாள். அந்த வாரம் அவள் வீட்டு அடுப்புக்குப் பக்கத்தில் எலி செத்துக் கிடந்ததாம். சொல்லாமல் புதைத்துவிட்டாளாம். "உங்கம்மா போய் எழுதிக் குடுத்துருவாளோன்னு பயத்துலதான் அடிக்கடி வாசல்ல வந்து பாப்பேன்" என்றாள்.

என் சந்தேகம் ஒன்று உண்டு. அதையும் மறைக்கக்கூடாது. பீபியம்மா என்னை ஏற்றிக்கொண்டது இரக்கத்தாலா? அல்லது, ரகசியம் உள்ள வண்டிக்காரன் வாயைத் திறக்கமாட்டான், அவன் பிள்ளை உள்ளே இருந்தால் கேட்டில் அவனே மறைத்துப் பேசுவான் என்ற கணக்கா? பிளேக்காரிக்குப் பக்கத்தில் என்னை உட்கார வைத்தாள். அது தெரிந்துதான் செய்தாள். நான் பிழைத்தது என் அதிர்ஷ்டம். இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. ஆனால் அவள் மகன் வீட்டில் இல்லாத நேரம், தனியாக ஒரு பெண்ணைக் காப்பாற்றப் பார்த்தாள். அவள் திருடவில்லை. அதை மட்டும் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். அம்மா உயிரோடு இருக்கும்போது சொல்லவில்லை. போன மாசியில் அவளும் போய்விட்டாள்.

இந்த வாரம் என் கடைக்குட்டிக்குக் கன்னம் இரண்டும் வீங்கிவிட்டது.

"உங்கம்மா வெச்சிருந்த சங்கிலி ஒண்ணு பொட்டியில இருக்குல்ல? அத எடுங்க" என்றாள் என் மனைவி. "ஏன் நிக்கிறீங்க? அது யாரோ திருடி மாத்தினதுன்னு அவங்க சொல்லுவாங்களே, அதுவா?"

"திருடினது இல்ல" என்றேன். உட்கார்ந்து, மேலே எழுதியதை எல்லாம் அவளிடம் சொன்னேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அவளிடம் இவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை. முடிவில், "அந்தப் பொண்ணு பேரு என்னா?" என்று மட்டும் கேட்டாள். எனக்குத் தெரியாது.

நூல் நைந்துபோயிருந்தது. மனைவி தையல் டப்பாவிலிருந்து சிவப்பு நூல் எடுத்துக் கொடுத்தாள். கொக்கி நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் கட்டினேன், இரண்டு முடிச்சு. குழந்தை கழுத்தைச் சுருக்கிக்கொண்டு, "ஜில்லுனு இருக்குப்பா" என்றாள்.

ஆங்கீரச வருஷம், ஆடி மாதம் பன்னிரண்டாம் தேதி, புதன்கிழமை.